மயக்க மருந்துல உடம்பு வெறைச்சு கொதிச்சா டான்ட்ரோலின் எப்படி குடுக்கிறது, வீட்டுக்காரங்க முன்னாடியே என்ன சொல்லணும்

ஆபரேஷன் தியேட்டர்ல புதுசா வேலைக்கு சேந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும், வீட்ல யாருக்காச்சும் ஆபரேஷன் தேதி குறிச்சு வச்சிருக்கிறவங்களுக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். நான் மதுரையில தியேட்டர் பக்கம் வேலை பாக்குற ஆளு, டாக்டர் இல்ல, அதனால இதுல வர்ற டோஸ் எல்லாம் மயக்க டாக்டர் சொல்லி அவங்க முன்னாடி போடுறதுக்குத்தான், நாமளா முடிவெடுக்கிறதுக்கு இல்ல. ஆனா மருந்தை கரைக்கிற கை நம்ம கைதான், ஐஸ் எடுக்க ஓடுற காலும் நம்ம கால்தான், அதனால இது நமக்கு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் தெரிஞ்சிருக்கணும்னு நான் உறுதியா நெனைக்கிறேன்.

விஷயம் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா, தியேட்டர்ல சுருக்கமா எம்.ஹெச். இது அலர்ஜி கிடையாது, ஓவர் டோஸும் கிடையாது. பொறக்கும்போதே தசையில இருக்கிற ஒரு கோளாறு, மத்த நாள்ல பெரும்பாலும் ஒண்ணுமே வெளிய தெரியாது, அலங்காநல்லூர்ல மாடு பிடிக்கிற அளவுக்கு திடமான பையனுக்கும் இருக்கலாம், சில குறிப்பிட்ட மயக்க மருந்து உள்ள போனாத்தான் தலையை காட்டும். அபூர்வம்தான், 10,000 மயக்கத்துல 1ங்கிறதுல இருந்து 2,50,000ல 1 வரைக்கும் பலவிதமா கணக்கு சொல்றாங்க. ஆனா வந்துட்டா ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான். இதுக்கு மாத்து மருந்து டான்ட்ரோலின்ங்கிற ஊசி, அது வர்றதுக்கு முன்னாடி இது வந்தவங்கள்ல 100க்கு 70, 80 பேர் இறந்துபோனாங்க, இப்ப மருந்தும் நல்ல மானிட்டரும் கையில இருக்கிற எடத்துல அது 10க்கும் கீழ வந்துருச்சு.

உள்ள என்ன நடக்குது

தசைக்குள்ள கால்சியத்தை அடைச்சு வச்சிருக்கிற ஒரு அறை இருக்கு, அதுக்கு ரயனோடின் ரிசப்டர்னு ஒரு கதவு. கையை மடக்கணும்னு நரம்பு சொன்னா கதவு திறக்கும், கால்சியம் வெளிய வரும், தசை இறுகும், வேலை முடிஞ்சதும் கதவு மூடிரும், வெளிய வந்த கால்சியத்தை ஒரு பம்ப் திரும்ப உள்ள இழுத்துக்கும். எம்.ஹெச். உள்ளவங்களுக்கு பெரும்பாலும் ஆர்.ஒய்.ஆர்.1ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கும், அந்த ஜீன்தான் இந்த கதவை செய்யுறது. அப்படிப்பட்டவங்களுக்கு இந்த மருந்து போனா வைகை அணையில ஷட்டர் மேலயே மாட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குதுன்னு வச்சுக்கங்களேன், அந்த கதைதான், கால்சியம் கொட்டிக்கிட்டே இருக்கும். உடம்புல இருக்கிற தசை எல்லாம் ஒரே நேரத்துல இறுகுது, பம்ப் நிக்காம ஓடுது, ஆக்சிஜனை குடிக்குது, கார்பன் டை ஆக்சைடை கக்குது, சூடு ஏறுது, ரத்தத்துல அமிலம் கூடுது, அப்பறம் தசை செல்லே உடைஞ்சு உள்ள இருந்த பொட்டாசியம் ரத்தத்துல கலந்து இதயத்தை நிறுத்த பாக்குது, மயோகுளோபின்னு ஒரு புரதம் போய் கிட்னியை அடைக்குது.

இதுல இருந்து ஒண்ணு புரிஞ்சுக்கணும். சூடு தசையில இருந்து வருது, மூளை சொல்லி வர்ற காய்ச்சல் இல்ல, அதனால பாராசிட்டமால் போட்டா இறங்காது. "காய்ச்சல் ஊசி போட்டா சரியாயிருமே"ன்னு வெளிய நிக்கிற சொந்தக்காரங்க கேப்பாங்க, பதில் இதுதான். டான்ட்ரோலின் நேரா அந்த ரயனோடின் கதவுலயே போய் ஒட்டி கால்சியம் கொட்டுறதை குறைக்குது, தசை தளருது, மத்ததெல்லாம் அது பின்னாடியே ஒண்ணொண்ணா இறங்குது. இதயத் தசையில இருக்கிற கதவு வேற வகை, அதனால இந்த மருந்து அங்க பெருசா கை வைக்கிறதில்ல.

எதெது தூண்டி விடும்னா, மூச்சு வழியா குடுக்கிற ஆவி மருந்துங்க, ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன், அப்பறம் டியூப் போடுறதுக்கு முன்னாடி குடுக்கிற சக்சினைல்கோலின், நாம ஸ்கோலின்னு சொல்றது. அவ்வளவுதான். புரோபோஃபால், கீட்டமின், நைட்ரஸ், ஃபென்டனில், மிடாசோலம், வெக்யூரோனியம், அட்ராக்யூரியம் எல்லாம் இந்த விஷயத்துல பயமில்லாம குடுக்கலாம். முதுகுல போடுற ஸ்பைனல் ஊசியும் பல் டாக்டர் போடுற லிக்னோகெயினும் இதை தூண்டாது. அரவிந்துல கண்ணை மட்டும் மரக்க வச்சு புரை எடுக்க போற ஆச்சி, சிசேரியனுக்கு ஸ்பைனல் போட்டுக்க போற பொண்ணு, இவங்க எல்லாம் இதை படிச்சிட்டு பயந்துகிட்டு தேதியை தள்ளிப் போட்டுறாதீங்க.

எப்படி கண்டுபிடிக்கிறது

பேருல ஹைபர்தெர்மியான்னு இருக்கிறதால எல்லாரும் சூடு ஏறுதான்னு பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, ஆனா பல நேரம் சூடு பின்னாடிதான் வரும். முதல்ல வர்றது கார்பன் டை ஆக்சைடு. வென்டிலேட்டர் செட்டிங்கை மாத்தவே இல்ல, ஆனா ஈ.டி.சி.ஓ.டூ, அதாவது வெளிய விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவு, அந்த நம்பர் ஏறிக்கிட்டே போகுது, மூச்சை கூட்டி குடுத்தும் இறங்கல, கூடவே பல்ஸும் காரணமில்லாம எகிறுதுன்னா அப்பவே டாக்டர் காதுல போட்டுறணும். ஸ்கோலின் போட்டதும் தளர வேண்டிய தாடை தளராம இறுகி வாயே திறக்க முடியலைன்னா அதுவும் ஒரு எச்சரிக்கை. கை கால் வெறைப்பு, மெஷின்ல கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுற சோடா லைம் டப்பா தொட்டா சுடுறது, வேர்வை, யூரின் பேக்ல கோலா கலர், இதெல்லாம் வரலாம், எல்லாருக்கும் எல்லாமும் வரணும்னு இல்ல. சூடு ஏற ஆரம்பிச்சா சில பேருக்கு அஞ்சு நிமிஷத்துக்கு 1, 2 டிகிரின்னு ஏறும், அதனால அரை மணி நேரத்துக்கு மேல போற ஜெனரல் அனஸ்தீசியா எதுவா இருந்தாலும் டெம்பரேச்சர் புரோப் மாட்டிருங்க, சின்ன ஆஸ்பத்திரியில இதை ரொம்ப பேர் விட்டுறாய்ங்க, விடக்கூடாது.

மயக்கம் பத்தாம இருக்கிறது, கிருமி தொத்து, தைராய்டு எகிறுறது, இதுக்கெல்லாமும் பல்ஸ் ஏறும், எது என்னன்னு பிரிக்கிறது டாக்டர் வேலை. ஆனா சந்தேகம் வந்துட்டா லேப் ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காம மருந்தை ஆரம்பிக்கிறதுதான் எல்லா ஊர் நெறிமுறையும், தாமதமாகுற ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஆபத்து கூடிக்கிட்டே போகும்.

முதல் சில நிமிஷம்

டாக்டர் "எம்.ஹெச்."னு வாயத் திறந்து சொன்னதும் சத்தமா எல்லாருக்கும் கேக்குற மாதிரி திருப்பி சொல்லுங்க, ஆள் கூப்பிடுங்க, பக்கத்து தியேட்டர்ல இருந்து வார்டுல இருந்து யார் சும்மா இருந்தாலும் வரட்டும், இந்த எமர்ஜென்சிக்கு கை நிறைய வேணும். ஆவி மருந்து வர்ற வேப்பரைசரை மூடணும், முடிஞ்சா கழட்டியே வச்சிரணும். 100 சதவீதம் ஆக்சிஜன், நிமிஷத்துக்கு 10 லிட்டருக்கு குறையாம, வழக்கமா குடுக்கிற மூச்சை விட ரெண்டு மூணு மடங்கு. சர்க்யூட்டுக்கு, அதாவது மெஷின்ல இருந்து பேஷன்டுக்கு மூச்சு போற குழாய்க்கு, மாட்டுற கரி ஃபில்டர் இருந்தா மாட்டுங்க, இல்லைன்னா மெஷினை மாத்தறேன்னு நேரத்தை விட்டுறாதீங்க. பேஷன்ட் முழிச்சுறக்கூடாது, அதுக்கு புரோபோஃபால் மாதிரி ஊசி மயக்கத்துக்கு டாக்டர் மாத்திருவாரு. சர்ஜன் ஆபரேஷனை சீக்கிரம் முடிக்கணும், இல்ல அப்படியே நிறுத்தி மூடணும், இதை தயங்காம அவர்கிட்ட சொல்லுங்க, "இன்னும் ஒரு பத்து நிமிஷம் சிஸ்டர்"னு கேட்டாலும் மயக்க டாக்டர் சொல்றதுதான் அங்க கடைசி வார்த்தை.

மருந்தை கரைக்கிறது

நான் இதை எழுத உக்காந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். டான்ட்ரோலின் ஸ்டாக் இருக்கிற ஆஸ்பத்திரியில கூட ஆளுக்கு மருந்து போய் சேர லேட் ஆகுறதுக்கு முக்கியமான காரணம், இது லேசுல கரையாது.

பழைய வகை வையல்ல, அதாவது சின்ன மருந்து பாட்டில்ல, 20 மில்லிகிராம் மருந்து ஆரஞ்சு கலர் பொடியா இருக்கும், கூட யூரினை கூட்டுற மானிட்டால் 3 கிராம் இருக்கும். ஒரு வையலுக்கு 60 எம்.எல். ஸ்டெரைல் வாட்டர் ஊத்தணும். நார்மல் சலைன் ஊத்தக்கூடாது, டெக்ஸ்ட்ரோஸ் ஊத்தக்கூடாது, கிருமிநாசினி கலந்த ஊசித் தண்ணியும் கூடாது, வெறும் ஸ்டெரைல் வாட்டர்தான். அவசரத்துல பக்கத்துல தொங்குற சலைன் பாட்டில்ல இருந்து இழுக்கத்தான் கை போகும், அதனால டான்ட்ரோலின் பெட்டியிலயே தண்ணி பாட்டிலையும் 50 எம்.எல். சிரிஞ்சுகளையும் சேத்து வச்சிருங்க, வேற எதுக்கும் அதை எடுக்கக்கூடாதுன்னு மேல எழுதி ஒட்டிருங்க.

கணக்கை ஒரு தடவை போட்டு பாத்தாத்தான் இதோட சுமை புரியும். முதல் டோஸ் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம், அதாவது ஏழரை வையல், 8 உடைக்கணும், 480 எம்.எல். தண்ணி. 20 கிலோ பிள்ளைக்கு 50 மில்லிகிராம், ரெண்டரை வையல், 3 உடைக்கணும், 180 எம்.எல். தண்ணி, அதுல 150 எம்.எல். போடணும். இது முதல் டோஸுக்கு மட்டும். அடங்கலைன்னா 5, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப போடணும், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைக்கும் போகலாம், சில பேருக்கு அதுக்கு மேலயும் தேவைப்படும். 70 கிலோ ஆளுக்கு 10 மில்லிகிராம் கணக்குக்கு 700 மில்லிகிராம், 35 வையல். 36 வையல் ஸ்டாக் வைக்கணும்னு அமெரிக்காவுல இதுக்குன்னே இருக்கிற சங்கம் சொல்றது இந்த கணக்குக்குத்தான். இவ்வளவையும் ஒரே ஆள் கரைச்சா முடியுமா? அதனால மூணு நாலு பேருக்கு கரைக்கிறது மட்டும்தான் வேலைன்னு டூட்டி ஆரம்பிக்கும்போதே பேசி வச்சிருங்க, ஒருத்தர் தண்ணி இழுத்து குடுக்கணும், மத்தவங்க ஊத்தி நல்லா குலுக்கணும், இன்னொருத்தர் கரைஞ்சதை வாங்கி போட்டுக்கிட்டே எத்தனை வையல் உள்ள போச்சுன்னு போர்டுல எழுதணும். எல்லா வையலும் கரையட்டும்னு காத்திருக்க வேண்டாம், ஒண்ணு கரைஞ்சா ஒண்ணு உள்ள போகட்டும்.

குலுக்கி முடிச்சா தெளிவா ஆரஞ்சு மஞ்சள் கலர்ல இருக்கணும், கலங்கலா துகளா இருந்தா இன்னும் குலுக்கணும். தண்ணி வெதுவெதுப்பா இருந்தா சீக்கிரம் கரையும், ஆனா சுட வைக்கிறேன்னு நிக்காதீங்க, வார்மர்ல ஏற்கனவே தண்ணி இருந்தா எடுத்துக்கலாம். கரைச்ச மருந்தை கண்ணாடி பாட்டிலுக்கு மாத்தக்கூடாது, படிஞ்சுரும். நேரடி வெளிச்சம் படாம வச்சு 6 மணி நேரத்துக்குள்ள பயன்படுத்திறணும், ஃபிரிட்ஜ்ல வைக்க வேண்டாம். உடைக்காத வையலை வைக்கிற எடமும் முக்கியம், சித்திரை மாசத்து மதுரை வெயில்ல ஏ.சி. இல்லாத ஸ்டோர் ரூம்ல வைக்கிற மருந்து இல்ல இது, அட்டையில போட்டிருக்கிற டெம்பரேச்சரை பாத்து வைங்க, எக்ஸ்பயரி தேதியையும் மாசா மாசம் பாருங்க.

போடுற வெயின் பெருசா இருக்கணும், கையோட பின்பக்கத்து சின்ன நரம்புல போடாதீங்க. இதோட பி.ஹெச். 9.5 பக்கம், காரம் அதிகம், வெளிய கசிஞ்சா தசை தோல் எல்லாம் வெந்துபோகும், உள்ள போனாலே நரம்பு வீங்கலாம். அப்பறம் யூரின் டியூப் கட்டாயம், ஏன்னா 8 வையல்ல மட்டும் 24 கிராம் மானிட்டால் போயிருக்கும், யூரின் கொட்டும், அந்த அளவை நம்பி கிட்னி நல்லா இருக்குன்னு நெனைச்சுறாம ரத்த டெஸ்டும் பாக்கணும்.

புது வகை ஒண்ணு இருக்கு, ரயனோடெக்ஸ்னு, 2014ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, ஒரே வையல்ல 250 மில்லிகிராம், 5 எம்.எல். தண்ணி போதும். அது கையில இருந்தா மேல சொன்ன பாதி பாடு இல்ல. ஆனா ரெண்டு வையலுக்கும் தண்ணி கணக்கு வேற வேறங்கிறதால எந்த வகை நம்ம பெட்டியில இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க. டான்ட்ரோலின் கேப்சூலும் இருக்கு, பக்கவாதத்துல தசை இறுக்கத்துக்கு குடுக்கிறது, அது இந்த எமர்ஜென்சிக்கு உதவாது.

மருந்து வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்னா, ஈ.டி.சி.ஓ.டூ இறங்கும், பல்ஸ் இறங்கும், வெறைப்பு விடும், கடைசியா சூடு. இந்த வரிசையில இறங்கலைன்னா அடுத்த டோஸுக்கு இப்பவே கரைக்க ஆரம்பிச்சிருங்க.

கூடவே ஓட வேண்டியது

குளிர்ந்த சலைன் டிரிப், அக்குள்ல தொடை இடுக்குல கழுத்து பக்கத்துல ஐஸ், ஆனா 38 டிகிரி வந்ததும் நிறுத்தணும், இல்லைன்னா அந்த பக்கம் ரொம்ப குளிர்ந்துரும். பொட்டாசியம் ஏறியிருந்தா கால்சியம், இன்சுலினோட டெக்ஸ்ட்ரோஸ், சோடா பைகார்ப்னு டாக்டர் கேப்பாரு, டிராலியில தயாரா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்கவே கூடாது, டான்ட்ரோலின் போட்டுக்கிட்டு இருக்கும்போது பல்ஸை குறைக்கிறேன்னு வெராபமில், டில்டியாசெம் பக்கம் போகக்கூடாது, ரெண்டும் சேந்தா பொட்டாசியம் எகிறி இதயம் நின்னுரும். அந்த ஆம்பூல் கேட்டா "டான்ட்ரோலின் போயிட்டு இருக்கு சார்"னு வாய விட்டு ஞாபகப்படுத்துங்க.

மருந்தே இல்லாத ஆஸ்பத்திரியில என்ன பண்றது? நம்ம நாட்டுல ரொம்ப வருஷமா இந்த ஊசி லேசுல கிடைக்காம இருந்துச்சு, விலையும் அதிகம், அதனால சின்ன நர்சிங் ஹோம்ல வாங்கி வைக்கிறது குறைவு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் வேலை பாக்குறவங்க, மதுரையில எந்த ஆஸ்பத்திரி ஃபார்மசியில இது இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் போனை எடுப்பாங்கன்னு இன்னைக்கே விசாரிச்சு தியேட்டர் சுவத்துல எழுதி ஒட்டுங்க. நிலை தடுமாறிக்கிட்டு இருக்கிற ஆளை தூக்கி ஆம்புலன்ஸ்ல போடுறதை விட, ஆவி மருந்தை நிறுத்தி ஆக்சிஜன் குடுத்து குளிர வச்சுக்கிட்டே மருந்தை ஒரு வண்டியில வரவழைக்க முடியுமான்னு முதல்ல பாக்குறது நல்லது, அதை டாக்டருங்க பேசி முடிவு பண்ணட்டும், நம்பர் மட்டும் நம்மகிட்ட தயாரா இருக்கணும்.

அடங்கினதும் வார்டுக்கு அனுப்பக்கூடாது, குறைஞ்சது 24 மணி நேரம் ஐ.சி.யூ. நாலு பேர்ல ஒருத்தருக்கு பக்கம் திரும்ப வர வாய்ப்பு இருக்கு, அதுக்குத்தான் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்குல 4ல இருந்து 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து போடுவாங்க. சி.கே. (தசை எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), பொட்டாசியம், யூரின் கலர் திரும்பத் திரும்ப பாப்பாங்க. மருந்தே தசையை தளர்த்துறதுங்கிறதால முழிச்ச பிறகும் பிடிமானம் இருக்காது, டம்ளரை பிடிக்க முடியாது, தலை சுத்தும், முழுங்குறதும் கஷ்டமா இருக்கலாம், அதனால டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி பாசத்துல இட்லியை ஊட்டி விட்டுறாதீங்க, பாத்ரூமுக்கு தனியா அனுப்பாதீங்க. நாள் போக சரியாயிரும்.

வீட்டுக்காரங்க செய்ய வேண்டியது

1960ல ஆஸ்திரேலியா மெல்போர்ன்ல கால் உடைஞ்சு வந்த 21 வயசு பையன் ஒருத்தன், கால் வலியை விட மயக்க மருந்துக்குத்தான் பயந்தான், ஏன்னா அவன் சொந்தத்துல பத்து பேர் ஈதர் மயக்கத்துல இறந்திருந்தாங்க. அதை டென்பரோ, லோவல்னு ரெண்டு டாக்டருங்க காது குடுத்து கேட்டு எழுதினதுல இருந்துதான் இது பரம்பரையா வர்றதுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. 1975ல தென்னாப்பிரிக்காவுல ஹாரிசன்ங்கிற மயக்க டாக்டர் இதே கோளாறு உள்ள பன்னிங்களுக்கு டான்ட்ரோலின் குடுத்து பொழைக்க வச்சாரு, 1979ல அமெரிக்காவுல மனுசங்களுக்கு ஊசியா அனுமதி கிடைச்சுது.

அதனால மயக்க டாக்டர் முன்னாடி நாள் வந்து பேசும்போது அவசரமா தலையாட்டி அனுப்பிறாதீங்க. "எங்க பெரியப்பா குடல்வால் ஆபரேஷன்ல டேபிள்லயே போயிட்டாரு, நேரம் சரியில்லைன்னு விட்டுட்டோம்"ங்கிற மாதிரி வீட்டுல ஒரு கதை இருந்தா, எத்தனை வருஷத்துக்கு முன்னாடி நடந்திருந்தாலும் அதை அப்படியே சொல்லுங்க. ஆபரேஷன்ல காரணம் தெரியாம கடும் காய்ச்சல், வெறைப்பு, கருப்பு யூரின், திடீர் சாவு, இல்ல தசை நோய்னு யாருக்காச்சும் பேர் சொல்லியிருந்தா எல்லாமே. "நான் ஏற்கனவே ரெண்டு தடவை மயக்கம் வாங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகல"ன்னு இதை ஒதுக்காதீங்க, முன்னாடி நல்லா போனவங்களுக்கும் அடுத்த தடவை வந்திருக்கு. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்கு பாதி வாய்ப்பு, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கும் சொல்லணும், நம்ம பக்கம் அக்கா மகளை, மாமன் மகளை கட்டுறதால ரெண்டு வழியிலயும் ஒரே குடும்பமா இருக்கும், அதனால சொல்ல வேண்டிய ஆள் கூடத்தான். ஜீன் டெஸ்ட் ரத்தத்துல பாக்கலாம், ஆனா அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தா மட்டும் இல்லவே இல்லைன்னு எடுத்துக்கக்கூடாது, தொடை தசையில எடுக்கிற டெஸ்டுதான் கடைசி முடிவு சொல்லும், அதை எங்க பண்ணலாம்னு டாக்டரே வழி சொல்வாரு.

முன்னாடியே தெரிஞ்சா ஆபரேஷன் நிறுத்த வேண்டியதில்ல. வேப்பரைசரை கழட்டி மெஷினை ஆக்சிஜன்ல நல்லா அலசி, புது சர்க்யூட் புது சோடா லைம் போட்டு, நாளோட முதல் கேஸா எடுத்து, ஸ்பைனலோ ஊசி மயக்கமோ குடுத்து முடிச்சிருவாங்க.

ஒருத்தருக்கு வந்து பொழைச்சுட்டா டிஸ்சார்ஜ் சீட்டுல எந்த மருந்து குடுத்தப்ப என்ன ஆச்சுன்னு தெளிவா எழுதி வாங்குங்க. சின்ன அட்டையில தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் "மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா, ஆவி மயக்க மருந்தும் சக்சினைல்கோலினும் கூடாது"ன்னு எழுதி பர்ஸ்ல வைங்க. திருப்பூர் கம்பெனிக்கோ சவுதிக்கோ போற பசங்க இருந்தா அந்த அட்டையை போட்டோ எடுத்து போன் லாக் ஸ்கிரீன்ல வரும்படி வச்சு, கூட தங்கியிருக்கிற ஒருத்தருக்கும் அனுப்பிருங்க, ரோட்டுல அடிபட்டு நினைவில்லாம 108ல போகும்போது அவங்கதான் டாக்டர்கிட்ட காட்டணும்.